எந்த வரி ஓடவில்லை?

2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். லினக்ஸ் கணிப்பொறி வைத்திருந்த ஒருவர், ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு நிரலின் கோப்புறையை வேறொரு வட்டுக்கு மாற்றிவிட்டு அதை இயக்கினார். அவர் சேமித்து வைத்திருந்த கோப்புகள் அழிந்தன. வெளியே இணைத்திருந்த வட்டில் இருந்தவைகூடத் தப்பவில்லை!

காரணம் ஒரே ஒரு வரி. “இந்தக் கோப்புறையில் உள்ளவற்றை அழி” என்பது அதன் பொருள். கோப்புறையின் பெயர் கிடைக்காமல் போகவே, “எல்லாவற்றையும் அழி” என்று அது மாறிவிட்டது. அந்த வரிக்கு மேல், ‘பயமாயிருக்கிறது!’ என்ற பொருளில் நிரலாளர் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். வேடிக்கைதான்!

அது ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் இருந்த வரி. கணிப்பொறிக்கு நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலே ஷெல். அக்கட்டளைகளைக் கோப்பில் வரிசையாக எழுதினால் அது ஸ்கிரிப்ட்.

நீங்கள் 40 கட்டளை வரிகள் எழுதிச் சோதிக்கிறீர்கள். 30 வரிகள் ஓடின. அப்படியானால் சோதனையின் வீச்சு 75 சதவீதம். மீதிப் பத்து எவை? ‘கோப்பு இல்லாவிட்டால்’, ‘வட்டு நிரம்பிவிட்டால்’ போன்ற நிலைமைகளுக்காக எழுதியவை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆனால் ஓடிய வரியெல்லாம் சரியான வரி என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் ஒழுங்காகக் கிடைத்த நாளில் அந்த அழிக்கும் வரியும் சாதுவாகவே ஓடியிருக்கும்!

ஓடிய வரிகளை எண்ணுவது எப்படி? ‘பாஷ்’ என்ற ஷெல்லில் ‘செட் -எக்ஸ்’ என்று கட்டளையிட்டால், ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றுமுன் அது அச்சிட்டுக் காட்டும். ‘பிஎஸ்4’ என்ற மாறியில் சொல்லிவைத்தால் வரி எண்ணையும் சேர்த்துத் தரும். எண்களைத் திரட்டினால் ஓடியவை கிடைத்துவிடும். எத்தனை வரிகள் ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் தலைவலி. குறிப்புரைகளும் ‘எல்ஸ்’, ‘ஃபை’ போன்ற சொற்கள் மட்டும் உள்ள வரிகளும் பட்டியலில் வரமாட்டா. அவற்றைக் கழித்தே வகுக்க வேண்டும்.

இனி, பூட்டிய அறைக்குள் இதைச் செய்ய முடியுமா? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் தொடங்கிய ‘நிக்ஸ்’, நிரல்களை அப்படிப்பட்ட அறையில்தான் உருவாக்குகிறது. வலைத்தொடர்பு கிடையாது. முன்கூட்டியே கேட்ட கருவிகள் மட்டுமே இருக்கும். பயனரின் வீட்டுக் கோப்புறைக்குப் பதிலாக, ‘வீடற்றோர் விடுதி’ என்று பொருள்படும், இல்லாத ஒரு முகவரியே உண்டு! உங்கள் கணிப்பொறியில் தற்செயலாக இருக்கும் ஒரு கருவி அங்கே இராது. ஆகவே, உங்களிடம் ஓடாத ‘கருவி இல்லாவிட்டால்’ வரி அங்கே ஓடும், வீச்சும் மாறும்.

அளக்கும் கருவியை நடுவில் இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் ஷெல் உள்ளேயே இருக்கிறதே! அதன் பட்டியல் பிழைச்செய்திகளோடு கலந்தால் சோதனை குழம்பிவிடும். 2009 இறுதியில் வந்த பாஷ் 4.1 முதல் அதைத் தனிக்கோப்புக்குத் திருப்பலாம். அக்கோப்பை விளைபொருள் கோப்புறையில் வைக்க மறவாதீர்கள். வேலை முடிந்ததும் மற்றவை துடைக்கப்பட்டுவிடும்.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று சொல்லும் ஸ்கிரிப்டை எழுதி, 7 என்று மட்டும் கொடுத்து, ‘பாஷ் -எக்ஸ்’ என்று ஓட்டிப் பாருங்கள். எந்த வரி விடுபட்டது?