கல்வெட்டு வாசகமும் கணிப்பொறிப் பதிவும்

கல்வெட்டுகளையும் ஓலைச்சுவடிகளையும் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராயும் முறை இந்நாளிற் பரவி வருகின்றது. இம்முறையைக் கற்கப் புகுவோர் முதற்கண் உணரவேண்டுவது ஒன்றுண்டு. கல்லில் உள்ளது வேறு. நாம் படித்துக்கொண்டது வேறு. இரண்டையும் கலந்து பதிவு செய்தல் பெரும்பிழையாய் முடியும்.

திருவில்லிபுத்தூரில் கோயில்கொண்ட சூடிக்கொடுத்த நாச்சியாரின் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இடைக்காலக் கல்வெட்டுகளில் மெய்கள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுவதில்லை. காலும் ரகரமும் பலவிடத்து ஒரே வடிவின. ஆகவே, அவ்வெழுத்தமைதியிற் பொறிக்கப்படின், இப்பெயரிலுள்ள 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக நிற்கும். அவற்றை மட்டும் நோக்கின் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறுவகையாகப் படித்தல் கூடும். முன்பின் வரும் சொற்களை நோக்கியே அறிஞர் ஒன்றனைத் தெரிந்தெடுப்பர். அத்தெரிவு ஆராய்ச்சியின் முடிபேயன்றிக் கல்லின் சான்று அன்று. ஓலைச்சுவடிக்கும் இஃது ஒக்கும்.

சீர்செய்த வாசகத்தை மட்டும் பதிந்தால் அம்முடிபைப் பின்னுள்ளோர் சோதித்தற்கு வழியில்லை. கல்லில் உள்ளவாறே பதிந்தாலோ, 'புத்தூர்' என்று தேடுவார்க்கு 'புததூர' அகப்படாது. ஆதலின் இரண்டும் வேண்டும். கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளை முதலாகக் கொண்டு வளர்ந்த 'எபிடாக்' என்னும் குறியீட்டு நெறி இதற்கு இடந்தருகின்றது. மூல வடிவம், சீர்செய்த வடிவம், ஐயத்திற்குரிய எழுத்து, அழிந்த இடம், பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்து ஆகிய ஒவ்வொன்றும் அதில் தனிக்குறி பெறும். 2019இல் தொடங்கிய 'தர்மா' என்னும் ஐரோப்பிய ஆய்வுத்திட்டம் இந்நெறியைத் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் கையாண்டது. கிரந்த எழுத்துகள் 2014இலும், மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இலும் யூனிகோடில் இடம்பெற்றன; எனவே நிலக்கொடை ஆவணங்களின் அளவுக் குறிகளையும் உள்ளவாறே பதியலாம்.

இராசபாளையத்திற் பயிலும் மாணவர்க்குத் திருவில்லிபுத்தூர் அண்மையிலுள்ளது. அச்சிட்ட வாசகத்தைக் கணிப்பொறியில் ஏற்றுவதோடு அவர் அமைதல் கூடாது. கோயிலார் இசைவுடன், பக்கவாட்டில் ஒளி படுமாறு ஒரு கல்வெட்டினை ஒளிப்படமெடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பதிவாராக. கணிப்பொறி விரைந்து தேடும். ஆயின் படித்தவர் ஐயுற்ற இடத்தைக் குறியாது விட்டால், அவ்வையம் உண்மைபோல் நின்று வரலாறாகிவிடும். ஐயத்தை ஐயமென்றே எழுதிவைத்தல் பதிப்பாசிரியர் கடன்.