சரக்கு வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையா?



முன்பெல்லாம் மளிகைக் கடைக்காரர் என்றால் மாட்டு வண்டியோ வாடகை டெம்போவோதான் கதி. 2005-ல் டாடா ஏஸ், 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த், 2016-ல் மாருதி சூப்பர் கேரி என்று சிறிய சரக்கு வண்டிகள் வந்த பிறகு, நடுத்தரக் கடைக்காரர்களும் சொந்த வண்டி வைத்து வியாபாரம் செய்கிறார்கள். வியாபாரம் வளர்ந்தவர்கள் அடுத்த படியாகப் பெரிய பிக்கப் வண்டியைப் பார்க்கிறார்கள். அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. சாதாரண வண்டி வாங்குவதா, கூடுதல் பணம் கொடுத்து ஃபோர் வீல் டிரைவ் வாங்குவதா? மலைப்பக்கமும் கரிசல் பக்கமும் சரக்கு எடுக்கும் உறுப்பினர்கள் நம்மிடம் இதை அடிக்கடி கேட்கிறார்கள். பருப்பு, வற்றல் மொத்த வியாபாரத்தில் பல வகை வண்டிகளை வைத்துப் பார்த்த அனுபவத்தில், நமக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் பேச்சு வழக்கில் காரையும் வேனையும் "ஃபோர் வீலர்" என்கிறோம். அதற்கு நான்கு சக்கரம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஃபோர் வீல் டிரைவ் என்பது வேறு. இன்ஜின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போய், நான்கும் தள்ளினால்தான் அது ஃபோர் வீல் டிரைவ். நம் ஊரில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்கள் இரண்டு மட்டுமே தள்ளுகின்றன. முன் சக்கரங்கள் உருண்டு வருகின்றன, திருப்புகின்றன, அவ்வளவுதான். ஜீப் மாதிரி இருக்கிற வண்டியெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் என்று நினைப்பதும் தவறு. ஜீப்பிலும் பிக்கப்பிலும் இரண்டு வகையும் உண்டு. வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்த வகை என்று கேட்டு பில்லில் பார்த்து வாங்க வேண்டும்.

வண்டி ஏன் சிக்கிக்கொள்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காகப் பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் கொண்ட டிஃபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். இதனால் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடிகிறது. தார்ச் சாலையில் இது நல்ல ஏற்பாடு. சேற்றில் இதுவே கெடுதலாகிவிடுகிறது. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பை இழந்தால், அது மட்டும் வீணாகச் சுற்றுகிறது. கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரம் அசையாமல் நிற்கிறது. இரண்டு சக்கரம் தள்ளும் வண்டி என்கிறோம், ஆனால் அந்த நேரத்தில் ஒரு சக்கரம்கூடத் தள்ளுவதில்லை.

ஃபோர் வீல் டிரைவில் கியர் பாக்ஸுக்கு அடுத்து டிரான்ஸ்பர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். டிரைவர் லீவரைத் தள்ளினாலோ பொத்தானைத் திருகினாலோ, அங்கிருந்து தனி ஷாஃப்ட் வழியாக முன் அச்சுக்கும் சக்தி போகும். பின் சக்கரம் சேற்றில் சுற்றினாலும் முன் சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பல வண்டிகளில் "லோ" என்று ஒரு நிலையும் உண்டு. அதில் வேகம் மிகக் குறைந்து இழுவை கூடும்.

சுமையும் பிடிப்பும்

சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு வருவது அதன் மேல் இருக்கும் பாரத்தால்தான். பிக்கப் வண்டி காலியாக இருக்கும்போது இன்ஜின் பாரம் முன்பக்கம் இருக்கிறது, பின்பக்கம் லேசாக இருக்கிறது. அதனால்தான் காலி வண்டி ஈரக் களத்தில் சிக்குகிறது. அதே வண்டியில் மூட்டை ஏற்றினால் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சின் மேல் உட்காருகிறது. மேடு ஏறும்போது பாரம் இன்னும் பின்னோக்கிச் சாய்கிறது. ஆகவே கெட்டித் தரையில் சுமையோடு மேடு ஏறுவதற்குப் பின் சக்கர இயக்கம் நல்ல வசதி.

ஆனால் இளகிய தரையில் கணக்கு மாறுகிறது. அங்கே சுமை கூடினால் சக்கரம் அமிழ்ந்துவிடும். பிடிப்பைக் கொடுத்த அதே பாரம் வண்டியைப் புதைக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மலைக்கு வேண்டியது எது?

"மலைப்பாதை, அதனால் ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டும்" என்று பலரும் சொல்கிறார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. திம்பம் மலைப்பாதையில் 27. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இந்தச் சாலைகளில் அரிசி, எண்ணெய், சிமெண்டு எல்லாம் சாதாரண பின் சக்கர இயக்க வண்டிகளில்தான் அன்றாடம் ஏறுகின்றன. பஸ்களும் அப்படித்தான் ஏறுகின்றன. காரணம், அவை தார்ச் சாலைகள். மேடு எவ்வளவு இருந்தாலும் தரை கெட்டியாக இருந்தால் சாதாரண வண்டி ஏறும்.

உண்மையில் தார்ச் சாலையில் சாதாரண பிக்கப்பின் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு ஓட்டவே கூடாது. அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடும். வளைவில் முன் சக்கரங்கள் ஒரு தூரமும் பின் சக்கரங்கள் வேறு தூரமும் ஓட வேண்டியிருக்க, பிணைப்பு அதை விடாது. ஸ்டீயரிங் இறுகும், டயர் உரசித் தேயும், பல்சக்கரங்களுக்கும் சேதம் வரும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டித் தார் அப்படி விடாது. ஆகவே கடையிலிருந்து மலை மேல் கடைக்குத் தார்ச் சாலையிலேயே போய் வருபவர், பணம் கொடுத்து வாங்கிய வசதியைப் பயன்படுத்தவே முடியாது.

மலையில் ஃபோர் வீல் டிரைவ் தேவைப்படும் இடமும் உண்டு. போடிநாயக்கனூர் வட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் வண்டிப்பாதை. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் ஜீப்புகள்தான் ஏறுகின்றன. ஏலத்தோட்டங்களுக்கு உள்ளே போகும் மண் பாதைகளும் மழைக்காலத்தில் அப்படித்தான். அங்கே வண்டியைத் தடுப்பது மலையின் உயரமல்ல, பாதையின் நிலைதான்.

சமவெளியிலும் தேவை வரும்

மலையே இல்லாத ஊரிலும் ஃபோர் வீல் டிரைவ் பயன்படும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணை நம்மவர்கள் அறிவார்கள். வெயிலில் பாறை, மழையில் பசை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்த பிறகு காட்டுப் பாதையில் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் மண் டயரின் வரிகளை அடைத்துவிடும். பிறகு டயர் மொழுக்கையாகி வழுக்கும். அந்த நேரத்தில் காட்டு ஓரத்துக்கே போய் உளுந்தும் பாசிப்பயறும் கொள்முதல் செய்கிறவருக்கு நான்கு சக்கரமும் தள்ளும் வண்டி பெரிய உதவி. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும் அப்படித்தான். கருப்பட்டி கொள்முதலுக்கு மணலுக்குள் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்றைக்கு உள்ள பாதை நாளைக்கு அப்படியே இருக்காது. தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலில் ஓடக்கூடிய வேன்களில்தான் போக வேண்டும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு எல்லா வண்டியும் போகிறது. வண்டி வாங்கினால் எட்டு, பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறோம். நாம் போகும் பாதைக்குத் தார் போடும் வேலை வரப்போகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வியாபாரி ஆசைக்கு வாங்கக்கூடாது, கணக்குக்கு வாங்க வேண்டும். கீழே உள்ளது மாதிரிக் கணக்குதான். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளவும்.

ஃபோர் வீல் டிரைவுக்குக் கூடுதல் விலை 1,50,000 ரூபாய் என்றும், எட்டு வருஷம் கழித்து விற்கும்போது அதில் 30,000 ரூபாய் திரும்பி வரும் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 1,20,000 ரூபாயை எட்டால் வகுத்தால் வருஷத்துக்கு 15,000 ரூபாய்.

அந்தப் பணத்துக்கு வட்டி: சராசரி 90,000 ரூபாய் முடங்கியிருப்பதாகக் கொண்டால், 10 சதவீதத்தில் 9,000 ரூபாய்.

டீசல்: கூடுதல் பாகங்களின் பாரத்தால் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் வண்டி 12 தருகிறது என்று கொள்வோம். வருஷம் 20,000 கிலோமீட்டருக்குச் சுமார் 128 லிட்டர் அதிகம். லிட்டர் 90 ரூபாய் என்றால் சுமார் 11,500 ரூபாய்.

கூடுதல் ஆயில், பழுது: 3,500 ரூபாய்.

ஆக வருஷத்துக்கு 39,000 ரூபாய். வண்டி போக முடியாத நாளில் ஒரு டிராக்டரை அமர்த்தி, தார்ச் சாலை வரை சரக்கைக் கொண்டுவர 1,500 ரூபாய் ஆகும் என்றால், 39,000 ரூபாய்க்கு 26 நாள் டிராக்டர் அமர்த்தலாம். வருஷத்தில் 26 நாளுக்குக் குறைவாகச் சேற்றில் இறங்குகிறவருக்குச் சாதாரண வண்டியே லாபம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற கதை நம் கடையில் நடக்கக்கூடாது. சிறிய கடைக்காரருக்கு அந்த ஒன்றரை லட்சம் தீபாவளிக் கொள்முதலுக்கான முதல். அது இரும்பாக வண்டிக்கு அடியில் தொங்கினால், சீசனில் கடன் வாங்கிச் சரக்கெடுக்க வேண்டி வரும்.

26 நாளுக்கு மேல் போகிறவர்களும், கூப்பிட்ட நேரத்துக்கு டிராக்டர் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களும், ஒரு நாள் தாமதித்தால் சரக்கு நனைந்து கெட்டுவிடும் என்ற நிலையில் உள்ளவர்களும் தயங்காமல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம். பொலேரோ கேம்பர், டாடா யோதா போன்ற வண்டிகளில் அந்த வகையும் வந்திருக்கிறது. எந்த மாடல் இப்போது கிடைக்கிறது, எத்தனை கிலோ ஏற்ற அனுமதி என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும். கூடுதல் பாகங்களின் எடையால் ஏற்றும் சுமை குறையலாம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை. சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டிய வரியை, முறையான பதிவில் உள்ளவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரட்டைக் கேபின் வண்டி வாங்குவோர் ஆடிட்டரைக் கேட்டுச் செய்வது நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் மலை இறங்கும்போது நம்மைக் காப்பது நல்ல டயர், நல்ல பிரேக், அளவான சுமை, குறைந்த கியர் ஆகிய நான்கும்தான். "நம் வண்டி ஃபோர் வீல்" என்ற தைரியத்தில் டிரைவர் வேகமாக இறங்கினால், வாங்கிய வசதியே ஆபத்தாக முடியும். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதை எந்த வண்டியிலும் அனுமதிக்கக்கூடாது.

அதேபோல, தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகும்போது எந்த வண்டியையும் இறக்கக்கூடாது. தண்ணீர் வண்டியைத் தூக்கினால் சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. நான்கு சக்கரம் தள்ளினாலும் ஒன்றுதான், இரண்டு தள்ளினாலும் ஒன்றுதான். சரக்குப் போனால் சம்பாதிக்கலாம். வண்டியில் இருக்கும் பையனுக்குக் குடும்பம் இருக்கிறது.

இரு தரப்புக்கும் சில குறிப்புகள்

சாதாரண வண்டி வைத்திருப்பவர்கள் பின் டயர்களை மொழுக்கையாகும் வரை ஓட்ட வேண்டாம். காலி வண்டியில் ஈரக் களத்துக்குப் போகும்போது பின் அச்சுக்கு மேலாக இரண்டு மூட்டை கிடந்தால் பிடிப்புக் கிடைக்கும். நாலைந்து பழைய சாக்கு, ஒரு மண்வெட்டி, கெட்டியான கயிறு ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, மண்ணைத் தள்ளி, சாக்கை சக்கரத்துக்கு அடியில் கொடுத்து மெல்லக் கிளப்ப வேண்டும். மணலில் டயர் காற்றைச் சற்றுக் குறைத்தால் வண்டி நகரும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் அதைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் தேவைப்படும் நாளில் லீவர் விழாது. டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலையும் முன் அச்சு ஆயிலையும் சர்வீஸில் கேட்டு மாற்றச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடுகிற ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு.

ஆகவே வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருஷத்து டெலிவரி நோட்டையும் கொள்முதல் நோட்டையும் எடுத்து, வண்டி தாரை விட்டு இளகிய மண்ணில் இறங்கிய நாட்களைப் பென்சிலால் குறியுங்கள். அந்த எண்ணிக்கையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் எந்த வண்டி என்பது தெரிந்துவிடும். கணக்குப் பார்த்து வாங்கி, வண்டியும் வியாபாரமும் நன்றாக ஓட வாழ்த்துகிறோம்.