கறி ஆம்பூருக்கு, தோல் வாணியம்பாடிக்கு... பால் யாருக்கு?

ஜவ்வாது மலையடிவாரத்து வெள்ளாடுகளை நம்பி ஒரு சீஸ் பட்டறை நடத்த முடியுமா?

ஆலங்காயம் வெள்ளாட்டுச் சீமை. வாணியம்பாடியிலிருந்து வரும் சாலை இங்கே ஜவ்வாது மலையைத் தொட்டு, காவலூர் வானாய்வகத்தை நோக்கி ஏறுகிறது. வழியெங்கும் வேலியில் முன்னங்கால்களை ஊன்றி எழும்பித் தழை கடிக்கும் ஆடுகள். காணி நிலம் இல்லாத வீட்டிலும் இரண்டு பெட்டாடு கட்டிக்கிடக்கும். பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, தாய்மாமன் சீர் என்று கைமுட்டும்போது ஒரு கிடா சந்தைக்குப் போகும்.

சந்தைக்குப் போன ஆட்டில் எதுவும் வீணாவதில்லை. கறி ஆம்பூர் பிரியாணி அண்டாவுக்குப் போகிறது. தோல் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்திய காலத்திலிருந்து இந்தப் பாலாற்றங்கரை வெள்ளாட்டை நம்பித்தான் பிழைக்கிறது. பட்டியில் சேரும் புழுக்கை நிலத்துக்கு எருவாகிறது. விலை வைக்கப்படாமல் இருப்பது பால் ஒன்றுதான்.

உலகிலேயே அதிகமாக ஆட்டுப்பால் உற்பத்தியாகும் நாடு இந்தியா. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு கோடியை ஒட்டிய எண்ணிக்கை. ஆனால் ஆட்டுப்பாலைக் கறந்து பயன்படுத்தும் வழக்கம் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் வேரூன்றியதுபோல் இங்கே வேரூன்றவில்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் தந்தது. குட்டிகள் பெருகும், விற்றால் காசு வரும் என்பதே அப்போதும் கணக்கு.

குட்டிக்குப் போக மிச்சம்

நம்முடைய ஆடுகள் கறிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பக்கத்துத் தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சேலம் கருப்பு, தெற்கத்திக் கன்னி ஆடு, கொடி ஆடு எல்லாம் வறட்சியைத் தாங்கும், குட்டி நன்றாகப் போடும். மடிதான் சிறியது. ஐந்து மாதம் சினை சுமந்து ஈன்ற ஆட்டின் பால் முதலில் குட்டிக்குச் சொந்தம். சீம்பாலில் கைவைத்தால் குட்டி நோஞ்சானாகிவிடும் என்பது ஆடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வீடுகள், வீட்டுக்குப் பால் கறக்கும் மூன்று ஆடுகள். குட்டிக்கு விட்டதுபோக ஆட்டுக்குக் கால் லிட்டர் கிடைத்தால், ஒருநாள் சேர்வது ஏழரை லிட்டர். அதில் இளம் சீஸ் செய்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தேறும். ஒரு பட்டறையை ஓட்ட இது போதாது. தலைச்சேரி, ஜமுனாபாரி போன்ற பால்வளம் உள்ள இனங்களின் கிடாக்களைச் சேர்த்து, ஈத்துக்கு ஈத்து மடியைப் பெரிதாக்குவதே முதல் வேலை. அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கை என்று பசுந்தழைக்கு வழி செய்வது அடுத்தது. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தவறாமல் தடுப்பூசி போடுவது அதனோடு சேர்ந்தது. சீஸ் செய்யும் அறையைக் கட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

உறை ஊற்றுவது போலத்தான்

செய்முறை நமக்குப் புதிதல்ல. கறந்த பாலை 63 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். கன்று வீச்சு நோய் போன்றவை பச்சை ஆட்டுப்பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் இந்தப் படியில் சமரசம் கூடாது. பிறகு ஆறவிட்டு, நாம் மோர் விட்டுத் தோய்ப்பதைப் போல நல்ல நுண்ணுயிர்களைக் கலந்து, சில துளி ரெனட் நொதியும் விடுகிறார்கள். ஒரு காலத்தில் இளங்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட், இப்போது நுண்ணுயிரிலிருந்தும் கிடைப்பதால் சைவ உணவுக்காரர்களுக்கும் தடையில்லை. இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் பால் மெதுவாக உறையும். அதை அகப்பையால் நோகாமல் அள்ளித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தெளிநீர் வடிந்துவிடும். உப்புப் போட்டதும் இளம் சீஸ் தயார். கொதிக்கும் பாலை எலுமிச்சை விட்டுத் திரிக்கும் பனீருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அந்த ஓர் இரவுப் பொறுமைதான்.

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை, உறைவும் மென்மையானது. கரோட்டின் முழுவதும் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறிவிடுவதால் சீஸ் தும்பைப்பூப் போல வெளுத்திருக்கும். பலர் முகம் சுளிக்கும் ஆட்டுவாடைக்குப் பெரும் காரணம், கறவை ஆடுகளோடு கிடாவையும் ஒன்றாகக் கட்டுவதும், கறந்த பாலை உடனே குளிரூட்டாமல் விடுவதும். இரண்டையும் சரிசெய்தால் புளிப்பும் பசும்புல் மணமும் கலந்த சுவைதான் மிஞ்சும்.

கல்மலையில் பிறந்த சீஸ்

பிரான்ஸின் தெற்கே செவென் மலைப்பகுதியும் நம் ஜவ்வாதைப் போலக் கல்லும் புதருமான பூமி. அங்கே பசுவை விட ஆட்டுக்குத்தான் பிழைப்பு அதிகம். அந்த ஆட்டுப்பாலில் செய்யும் உள்ளங்கை அளவுச் சீஸின் பெயர் பெலார்தோன். 2000ஆம் ஆண்டு அதற்குப் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் குறித்த எல்லைக்குள் ஆடு வளர வேண்டும், ஆண்டின் பெரும்பகுதி வெளியே மேய வேண்டும். 2011இல் அந்த மேய்ச்சல் நிலப்பரப்பையே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சீஸ் அங்கே மேய்ச்சலைக் காப்பாற்றியது, மேய்ச்சல் மலையைக் காப்பாற்றியது. கூலி வேலைக்காகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நம் மலைவாழ் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கும் சீஸ் அந்நியமல்ல. கொடைக்கானலும் ஆரோவில்லும் பல ஆண்டுகளாகச் செய்து விற்கின்றன. சென்னையில் 2016இல் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய ‘கேஸே’, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குக் கைத்தொழிலாகவே சீஸ் செய்யக் கற்றுக்கொடுத்தது. மும்பையின் ‘எலெஃப்தீரியா’, பலரும் கொட்டிவிடும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சி நார்வே பாணியில் செய்த பழுப்புச் சீஸுக்கு 2021 உலகச் சீஸ் விருதுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. இவை நமக்குச் சொல்வது ஒன்றே: பெரிய ஆலை வேண்டாம், சுத்தமும் நிதானமும் பழகிய கைகள் போதும்.

ஆலங்காயத்தின் பலம்

இந்த ஊருக்கு அமைந்திருக்கும் வசதிகள் குறைவல்ல. காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். சமவெளியின் வெக்கை அங்கே தணிகிறது. வாணியம்பாடி வழியாகச் செல்லும் ரயில், சீஸ் வாங்கும் இரண்டு பெருநகரங்களான சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கிறது. மலையில் விளையும் சாமையும் தேனும் புளியும் ஜவ்வாது என்ற பெயரோடு ஏற்கெனவே வெளியூர் போகின்றன.

ஆகவே தொடக்கம் சிறிதாக இருக்கட்டும். ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, அவர்களுக்கென்று இரண்டு நல்ல தலைச்சேரிக் கிடாக்கள், ஊருக்கு நடுவே ஒரு பால் குளிரூட்டும் பெட்டி, கால்நடை மருத்துவரின் தவறாத வருகை. முதல் இரண்டு ஈத்துக் காலம் பாலைப் பெருக்குவதிலேயே போகட்டும். குட்டிக்கு உரிய பங்கை விட்ட பிறகே கறப்பது என்பதைக் குழுவின் முதல் விதியாக எழுதிவைக்க வேண்டும். பால் நிலைத்த பிறகு சீஸ் பயிற்சிக்கு நான்கு பெண்களை அனுப்பினால் போதும்.

கிடா விற்ற பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, வந்த அவசரத்தோடு போய்விடுகிறது. பாலுக்கு விலை கிடைத்தால் பெட்டாடு வைத்திருக்கும் பெண்ணின் கைக்கு வாரம்தோறும் காசு வரும். அந்தக் காசு அவள் பெயரில் உள்ள கணக்கில் சேர வேண்டும். வெள்ளாட்டை மேய்ப்பதும், குட்டியைக் காப்பதும், நோயில் கண்விழிப்பதும் பெரும்பாலும் அவள்தானே? கறிக்கும் தோலுக்கும் விலை பேசிப் பழகிய நாம், அவளுடைய அன்றாட உழைப்புக்கும் ஒரு விலை வைக்கத் தொடங்குவோம்.