ஈசல் வேறு, மேஃப்ளை வேறு: நீர்ப்பூச்சியை அடையாளம் காண்போம்



மழை பெய்து ஓய்ந்த மாலை, புளோக் கீழ்த்தள விளக்கைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகச் சிறகுப் பூச்சிகள் பறப்பதைப் பார்த்திருப்பீங்க. அது ஈசல். ‘புற்றீசல் போல’ என்ற உவமைத்தொடர் அதிலிருந்துதான் வந்தது. ஆங்கிலப் பகுதியில் ‘மேஃப்ளை’ என்ற சொல் வந்தாலும் நம்மில் பலர் உடனே ‘ஈசல்’ என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் சிறிது காலமே பறக்கும் பூச்சிகள் என்பதால் வரும் குழப்பம் இது.

இதனால் என்ன கெட்டுவிடும்? “ஆற்றில் மேஃப்ளை இல்லையென்றால் நீர் மாசுபட்டிருக்கலாம்” என்பதை ஈசல் என்று மொழிபெயர்த்துப் பாருங்க. கறையான் ஆற்றில் வாழ்வதாகப் பொருள் வந்துவிடும்! ஒரு சொல் தவறினால் அறிவியல் கருத்தே தவறிவிடுகிறது.

ஈசல் எது?

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். அது மண்ணிலும் மரத்திலும் வளர்வது. நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. கறையான்களை இன்று கரப்பான் பூச்சியின் வரிசையிலேயே சேர்க்கிறார்கள். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உட்காரும்போது அவை முதுகின்மேல் தட்டையாகப் படியும், பிறகு உதிர்ந்துவிடும். ‘ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு’ என்பதும் முழு உண்மை அல்ல. பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகின்றன. தப்பிப் பிழைக்கும் இணை புதுப் புற்றை உண்டாக்கிப் பல ஆண்டுகள் வாழும்.

மேஃப்ளை எது?

மேஃப்ளையின் வரிசைக்கு ‘எபிமெரோப்டெரா’ என்று பெயர். கிரேக்க மொழியில் ‘ஒரு நாளே நிலைப்பது’, ‘சிறகு’ ஆகிய இரு சொற்களின் சேர்க்கை. உலகில் 3,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இதன் வாழ்நாளில் பெரும்பகுதி இளம்பூச்சியாக நீருக்குள்ளேயே கழிகிறது. வளர்ந்த பூச்சிக்கு உணவு உண்ணும் வாயுறுப்புகள் செயல்படுவதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. இன்னொரு விந்தை: சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது மட்டுமே.

வளர்ந்த பூச்சியை அடையாளம் காண:
1. உட்காரும்போது சிறகுகள் முதுகுக்கு மேல் செங்குத்தாக நிற்கும்.
2. முன்சிறகு பெரியது, பின்சிறகு மிகச் சிறியது, சிலவற்றில் இல்லவே இல்லை.
3. வால்நுனியில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகள் இருக்கும்.

நீரிலுள்ள இளம்பூச்சியை அடையாளம் காண:
1. வயிற்றுப் பகுதியின் இரு பக்கமும் செவுள்கள் இருக்கும்.
2. ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம்.
3. பெரும்பாலும் மூன்று வால் இழைகள்.

ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கும் வால்பக்கம் மூன்று உறுப்புகள் உண்டு. அங்கேதான் மாணவர்கள் ஏமாறுவாங்க. அவை இழைகள் அல்ல, இலை வடிவச் செவுள்கள். காலில் நகமும் இரண்டு.

குடும்பங்களாகப் பிரித்தல்

வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக இறங்குவதுதான் வகைப்பாடு. பள்ளி அளவில் குடும்பம் வரை போனாலே போதும். தென்கிழக்காசிய நீர்நிலைகளில் காணப்படும் நான்கு குடும்பங்கள்:

- பீட்டிடே: சிறு மீன்போல ஒடுங்கிய உடல், வேகமாக நீந்தும்.
- சீனிடே: மிகச் சிறியது, வண்டலில் வாழும். இரண்டாம் இணைச் செவுள் சதுர மூடிபோல் மற்றச் செவுள்களை மறைக்கும்.
- லெப்டோஃபிளெபிடே: செவுள்கள் பெரும்பாலும் கவைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஓடைக் கற்களிலும் இலைக்குவியலிலும் வாழும்.
- ஹெப்டஜெனிடே: தட்டையான உடல், தலையின் மேற்புறத்தில் கண்கள், ஓடும் நீரில் கல்லைப் பற்றிக்கொள்ளும்.

சிற்றினத்துக்குப் பெயரிடுவது எப்படி என்பதற்குத் தமிழகத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984இல் விவரித்த ஒன்று ‘பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ்’. முதற்சொல் பேரினம், அதில் பீட்டர்ஸ் என்ற மேஃப்ளை ஆய்வாளரின் பெயர் இருக்கிறது. இரண்டாம் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க: நம்ம குற்றாலம்!

சிங்கப்பூரில் இதன் பயன்

மேஃப்ளை இளம்பூச்சிகள் பல, உயிர்வளி குறைந்த நீரிலும் மாசடைந்த நீரிலும் தாக்குப்பிடிக்காது. பீட்டிடே, சீனிடே குடும்பங்களில் சில ஓரளவு தாங்கும். அதனால்தான் ‘மேஃப்ளை இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல் எந்தக் குடும்பம் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர்வாழ் சிற்றுயிர்களைக் கொண்டு ஓடைகள், கால்வாய்களின் நலத்தை அளக்கும் ‘சிங்ஸ்கோர்’ முறை 2014இல் வெளியானது. தேக்கா பக்கத்து ரோச்சோர் கால்வாய் போன்ற கான்கிரீட் கரையில் கல்லும் இலைக்குவியலும் தங்குவது அரிது. ஒட்டி வாழும் பூச்சிக்கு இடம் ஏது? பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேர்க்கோட்டில் ஓடிய கான்கிரீட் கால்வாயை 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றியதை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நீ சூன் சதுப்புக்காடு போன்ற இயற்கைக் காப்பகங்களில் அனுமதியின்றி எந்த உயிரினத்தையும் பிடிக்கக் கூடாது, படமெடுத்தாலே போதும்.

எழுதும்போது

‘மேஃப்ளை’ என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் ‘நீரில் வளரும் குறுவாழ்வுப் பூச்சி’ என்று விளக்குங்கள். ‘மே ஈ’ என்பதும் பொருந்தாது. அது ஈ இனம் அல்ல. நம் வெப்பமண்டலத்தில் மே மாதத்துக்கு மட்டும் உரியதும் அல்ல.

பயிற்சி

1. சிறகுகளை மட்டும் கொண்டு ஈசலையும் மேஃப்ளையையும் வேறுபடுத்துக.
2. மூன்று வாலுறுப்புகள் உள்ள ஓர் இளம்பூச்சி கிடைக்கிறது. அது மேஃப்ளைதானா என்று உறுதிசெய்ய வேறு எந்த இரண்டு உறுப்புகளைப் பார்ப்பீர்கள்?
3. “ஓடையில் மேஃப்ளை இருக்கிறது, எனவே நீர் தூய்மையானது.” இக்கூற்று போதுமானதா? காரணம் தருக.