2038-ல் 1901-க்குத் தாவுமா கடிகாரம்? ஓர் எண்ணின் கதை!

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊர் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்கு அடுத்த விநாடி, பழைய கம்ப்யூட்டர்கள் சில 1901 டிசம்பருக்குத் தாவிவிடக்கூடும்!

காரணம் ஒரே ஓர் எண்: 214,74,83,647.

சதுரங்கக் கட்டத்தில் 1, 2, 4, 8 என இரட்டிப்பாக நெல்மணி வைக்கும் கதை தெரியும்தானே? முதல் 31 கட்டங்களில் இருக்கும் நெல்மணிகளைக் கூட்டினால் இந்த எண் வரும்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் எண்ணுகிறது. 32 'பிட்' என்பது 32 ஸ்விட்ச் மாதிரி. ஒன்று பிளஸ்ஸா, மைனஸா என்று காட்ட. மீதி 31-ம் ஆன் ஆகிவிட்டால், அதுதான் உச்சம். மேலும் ஒன்றைக் கூட்டினால் எண் மைனஸுக்குப் போய்விடும்.

பார்வை மங்கியும் தோற்காதவர்

இந்த எண்ணை 1, தன்னைத் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. அதாவது, பகா எண். 1772-ல் இதை உறுதிசெய்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போயிருந்தது. சாதாரண முறையில் ஆயிரக்கணக்கான முறை வகுத்துப் பார்க்க வேண்டும். அதிகபட்சம் 372 முறை போதும் என்று சுருக்கிவிட்டார் மனிதர்!

மிரட்டிய 'கங்னம் ஸ்டைல்'

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் வியூஸ் இந்த எல்லையைத் தாண்டியது. யூடியூப் தன் கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியது.

நமக்கு என்ன?

பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி ஆச்சு என்றுதான் எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவற்றுக்கு 2038-ல் கணக்கு நிரம்பிவிடும். இப்போதைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் 64 பிட் என்பதால் பயம் வேண்டாம். கவலையெல்லாம், ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோன தொழிற்சாலைக் கருவிகள், பழைய கேமராக்கள், ரவுட்டர்கள் பற்றித்தான்.

2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். 20 வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணைத் தேதியைப் பழைய சாஃப்ட்வேர் கணக்கிட்டால், பிரச்னை இன்றே எட்டிப்பார்க்கும்.

அதனால், பல வருடம் உழைக்க வேண்டிய கருவியை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு 2038 பிரச்னை வருமா? அப்டேட் எத்தனை வருஷம் கிடைக்கும்?"

தேதிதான் முன்கூட்டியே தெரிந்துவிட்டதே... தயாராக நேரமும் இருக்கிறது!