மர்மம் ஊர் மாறும்போது

ஒரு மர்ம நாவலைத் திரைக்குக் கொண்டுவரும் இயக்குநருக்குப் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டதாகத் தோன்றும். கொலையாளி யார், காரணம் என்ன, திருப்பம் எங்கே என்பதெல்லாம் அச்சில் இருக்கின்றன. ஆனாலும், பல தழுவல்கள் திரையில் உயிரற்றுப்போகின்றன. மர்மக் கதையின் வேர் அது நடக்கும் ஊரில் இருக்கிறது என்பதே இதற்குக் காரணம். யார் யாரைக் கவனிக்கிறார்கள், காவல் துறை யார் பேச்சை நம்பும், யார் காணாமல்போனால் எவரும் தேட மாட்டார்கள் என்பவை ஊருக்கு ஊர் மாறுபடும். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால், மிஞ்சுவது ஒரு புதிர், அவ்வளவுதான்.

இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர்கள் பிரெஞ்சு இயக்குநர்கள். அவர்கள் செய்ததைப் புரிந்துகொண்டால், நம் சினிமா கண்டுகொள்ளாத ஒரு நிலப்பரப்பும் கண்ணில் படும்.

நீச்சல் குளமும் சுற்றுச்சாலையும்

பியேர் புவாலோ, தோமா நார்செழாக் இருவரும் இணைந்து மர்ம நாவல்கள் எழுதியவர்கள். 1952இல் வெளியான அவர்களது நாவல் ஒன்றில், ஊர் ஊராகச் செல்லும் விற்பனைப் பிரதிநிதி ஒருவன், காதலியுடன் சேர்ந்து மனைவியைக் கொல்கிறான். பிறகு சடலம் காணாமல்போகிறது. நாவலின் ஆற்றல் முழுவதும் அந்த மனிதனின் மனத்துக்குள் இருக்கிறது. அவனது அச்சத்தையும் குற்றவுணர்வையும் எழுத்தில் பக்கம் பக்கமாகச் சொல்லலாம். கேமராவால் மனத்துக்குள் நுழைய முடியாது.

1955இல் இதை ‘லே டியாபோலிக்’ என்ற பெயரில் படமாக்கிய ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ, துணிந்து இரண்டு மாற்றங்களைச் செய்தார். கொல்லப்படுபவர் மனைவி அல்ல, கணவர் என்றாக்கினார். களத்தை ஒரு விடுதிப் பள்ளிக்கு மாற்றினார். கணவர்தான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். சடலத்தைப் போட்ட நீச்சல் குளத்தில் தண்ணீரை இறைத்தால், அங்கே எதுவும் இல்லை. இறந்தவர் அணிந்திருந்த உடை சலவைக் கடையிலிருந்து திரும்பி வருகிறது. தலைமையாசிரியர் தன்னைத் தண்டித்ததாக ஒரு சிறுவன் சொல்கிறான். நாவலில் ஒருவனின் மனத்துக்குள் நடந்த விசாரணை, படத்தில் நூறு கண்கள் உள்ள ஒரு வளாகத்தில் நடக்கிறது. பயத்தைச் சொல்ல வேண்டிய வேலையை இடம் எடுத்துக்கொண்டது. முடிவை வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டே படம் முடிகிறது. அந்த வேண்டுகோளை நாமும் மதிப்போம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் கோபனின் 2001ஆம் ஆண்டு நாவலை, ‘யாரிடமும் சொல்லாதே’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பில் 2006இல் கியோம் கானே படமாக்கினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டதாக நம்பப்படும் மனைவி, உயிரோடு இருப்பதைக் காட்டும் மின்னஞ்சல் ஒரு குழந்தைநல மருத்துவருக்கு வருகிறது. அதோடு, பழைய வழக்கின் சந்தேகமும் அவர் மீது திரும்புகிறது. நியூயார்க் வட்டாரக் கதையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தபோது, கானே தெருப்பெயர்களை மாற்றுவதோடு நின்றுவிடவில்லை. காவலர்களிடமிருந்து தப்பும் மருத்துவர், வாகனங்கள் சீறிப் பாயும் பாரிஸ் சுற்றுச்சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்கிறார். அந்தச் சாலை பாரிஸ் நகரத்தையும் புறநகரையும் பிரிக்கும் கோடு. மரியாதைக்குரிய நகரவாசியாக இருந்தவர் அதைத் தாண்டியதும், காவல் துறையின் சந்தேகத்திலேயே வாழும் புறநகர் மனிதர்களின் உதவியை நாடுபவராகிறார். சாலையைக் கடப்பது துரத்தல் காட்சியாக மட்டும் இல்லாமல், சமூகத்தின் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு இறங்குவதாகவும் ஆகிவிடுகிறது. சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட நான்கு சேசார் விருதுகள் அந்தப் படத்துக்குக் கிடைத்தன.

மாமல்லபுரத்துக்கு வந்த பிரெஞ்சுக் கதை

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. துப்பறியும் நாவல்களுக்குப் பெயர்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இலேயே படமானது. ‘திகம்பர சாமியார்’ 1950இல் வந்தது. புவாலோ - நார்செழாக் இணையின் கதையும் சுற்றிவளைத்துத் தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களது 1954ஆம் ஆண்டு நாவலைத்தான் ஹிட்ச்காக் ‘வெர்டிகோ’வாக (1958) எடுத்தார். போர்க்காலப் பிரான்ஸில் நடந்த கதையை அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார். நாவல் இறுதிவரை காத்த ரகசியத்தைப் படம் முடிவதற்கு வெகு முன்பே பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார். அந்தப் படத்தின் சாயலில் தமிழில் உருவானது, கே.சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘கலங்கரை விளக்கம்’ (1965).

முந்தைய பிறவியின் நினைவு ஒரு பெண்ணை ஆட்கொள்வதாக நம்பவைப்பதே கதையின் முடிச்சு. இதைத் தமிழ்ப் பார்வையாளர் ஏற்க வேண்டுமானால், அந்த முந்தைய பிறவி அவர்கள் அறிந்ததாக இருக்க வேண்டும். படம் தேர்ந்தெடுத்தது மாமல்லபுரத்தையும் பல்லவர் கால நடனமங்கை சிவகாமியையும். கல்கியின் நாவல் வழியே தமிழ் வாசகர்கள் மனத்தில் ஏற்கெனவே உயிரோடு இருந்தவள் அவள். கடற்கரைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் இருக்கும் ஊரில் பழைய காலம் திரும்பிவந்ததாக ஒருத்தி சொன்னால், கேட்பவர் ஒரு கணமாவது தயங்குவார். அந்தத் தயக்கம்தான் கதைக்குத் தேவை.

எதிர் உதாரணமும் உண்டு. சுஜாதாவின் ‘ப்ரியா’ லண்டனில் நடக்கும் கதை. 1978இல் படமானபோது அது சிங்கப்பூருக்கு மாறியது. பார்வையாளர்களுக்கு அழகான காட்சிகள் கிடைத்தன. ஆனால், சிங்கப்பூரில் மட்டுமே நிகழக்கூடிய மர்மமாக அது மாறவில்லை. ஊர் பின்னணித் திரையாக நின்றுவிட்டது. இன்றைய துப்பறியும் படங்களில் பலவும் இந்த வழியில்தான் செல்கின்றன. கொலையாளியின் உத்தி நுணுக்கமாக யோசிக்கப்படுகிறது. அந்தக் கொலை நடக்கும் நகரம் எந்த நகரமாகவும் இருக்கலாம்.

யாரும் தேடாதவர்கள்

‘யார் காணாமல்போனால் யார் தேடுவார்கள்?’ என்ற கேள்வியோடு சென்னைக்கு வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால், கும்மிடிப்பூண்டி வந்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. சிப்காட் தொழிற்பேட்டை, உருக்காலைகள், ஆந்திர எல்லையை நோக்கி விரையும் கனரக லாரிகள், எளாவூர் சோதனைச்சாவடி. ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இங்கே ஒப்பந்த முறையில் வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்டவர்களில் ஒருவர் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால், ஊருக்குத் திரும்பியிருப்பார் என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். அவர் இங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி, ஒப்பந்ததாரரின் பதிவேடும் உடன் தங்கியிருந்தவர்களின் நினைவும்தான். மர்மக் கதை எழுதுபவருக்கு இதைவிடக் கனமான தொடக்கம் கிடைக்காது. குடிமக்களாக நமக்கு இதைவிடச் சங்கடமான கேள்வியும் கிடைக்காது.

இதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர்களின் முகாமும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஈழ அகதியின் கதையிலிருந்து ஒரு குற்றப் படத்தை உருவாக்க முடியும் என்று காட்டியவர் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார். 2015இல் கான் திரைவிழாவின் உயரிய விருதான தங்கப் பனை விருதைப் பெற்ற ‘தீபன்’, சாம் பெக்கின்பாவின் ‘ஸ்ட்ரா டாக்ஸ்’ (1971) படத்தை மறு ஆக்கம் செய்யும் யோசனையிலிருந்து கிளைத்தது. அந்தப் படமோ கார்டன் வில்லியம்ஸின் 1969ஆம் ஆண்டு நாவலின் தழுவல். ஒரு வீடு முற்றுகையிடப்படும் ஆங்கிலக் கிராமத்துக் கதை, இறந்தவர்களின் கடவுச்சீட்டோடு ஒரே குடும்பமாக நடித்துப் பிரான்ஸுக்குள் வரும் மூன்று தமிழர்களின் கதையாகிவிட்டது. முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அடையாளத்தை மறைத்தல், யாரையும் நம்ப முடியாமை, எப்போது வெடிக்கும் என்று தெரியாத வன்முறை என மர்மக் கதையின் கூறுகள் எல்லாம் அங்கே அகதியின் அன்றாட வாழ்க்கையாகவே இருந்தன. இயக்குநர் அதைக் கவனித்தார்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ (2015), ஆந்திரத்தின் குண்டூரில் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வதைக்கப்படுவதைச் சொன்னது. மொழி தெரியாத ஊரில், கேட்க ஆளில்லாதவர்கள் மீது எந்த வழக்கையும் எழுதலாம் என்பதே அதன் அச்சம். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் அதே நிலையில் இன்று இருப்பவர்கள் ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிறார்கள். அந்தக் கதையில் நாம் எந்த இடத்தில் நிற்போம் என்பது இன்னும் எழுதப்படவில்லை.

‘லாக்கப்’பின் ஆசிரியர் தான் அனுபவித்ததை எழுதியவர். இயக்குநர் அந்த நாவலை நாடியபோது, அவருக்குக் கதையோடு ஓர் ஊரும் அதன் காவல் நிலையமும் சேர்ந்தே கிடைத்தன. நாவலைத் தழுவும் உரிமை அதன் ஆசிரியருக்கே உரியது என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அந்த உரிமையை முறையாக வாங்கி, ஆசிரியரின் பெயரைத் திரையில் போடுவது சட்டக் கடமை மட்டுமல்ல. ஓர் இடத்தை அறிந்தவரோடு சேர்ந்து வேலை செய்வதற்கான வழியும்கூட.

மர்ம நாவலின் கடைசிப் பக்கம் குற்றவாளியின் பெயரைச் சொல்லும். நல்ல தழுவல், அந்தக் குற்றத்தை இத்தனை நாள் மறைத்துவைக்க உதவிய ஊரையும் சேர்த்துச் சொல்லும். க்ளூஸோவுக்கு ஒரு பள்ளிக்கூடம், கானேவுக்கு ஒரு சுற்றுச்சாலை, ஓடியாருக்கு ஒரு புறநகர்க் குடியிருப்பு. தமிழ் சினிமாவின் அடுத்த துப்பறிவாளர் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு பதிவேட்டில் அடிக்கப்பட்ட பெயரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் இருப்பார்கள்.