சுகர் வந்துட்டா ஆம்பூர் பிரியாணியை மறந்துடணுமா?

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில் பஸ் ஆம்பூரை நெருங்கும்போது இரண்டு வாசனைகள் மூக்கில் ஏறும். ஒன்று தோல் வாசனை. இன்னொன்று, விறகடுப்பில் தம் போட்டு இறக்கிய சீரக சம்பா பிரியாணி வாசனை. முதல் வாசனை ஊருக்குச் சோறு போடுகிறது. இரண்டாவது வாசனை அந்தச் சோற்றை ருசியாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த ஊர்கள். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. நாக்கு மட்டும் பிரியவில்லை! சம்பள நாளா, பெண் பார்க்க வருகிறார்களா, இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களா... எல்லாவற்றுக்கும் ஒரே பதில் பிரியாணிதான்.

இப்படி வளர்ந்த ஒருவர் நாற்பத்தைந்து வயதில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்கிறார். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி கண்ணைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ இருக்காது. ‘இனிமே பிரியாணி சாப்பிடவே கூடாதா?’ என்பதுதான்.

சிரிக்காதீர்கள். நியாயமான கேள்விதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை பேரிடமும், ‘பிடித்ததை எல்லாம் விட்டுவிடு’ என்று சொன்னால் என்ன நடக்கும்? வீட்டில் கோதுமை ரொட்டி, வெளியில் திருட்டுப் பிரியாணி. அந்தத் திருட்டுப் பிரியாணிதான் ஆபத்து. ஏனென்றால் அதை அவசர அவசரமாக, அகாலத்தில், அளவு தெரியாமல், யாரிடமும் சொல்லாமல் சாப்பிடுகிறோம்.

தட்டில் என்ன இருக்கிறது?

முதலில் இந்தப் பிரியாணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆற்காடு நவாப் வீட்டுச் சமையல்காரர்கள் வழியாக வந்த பக்குவம் என்று ஊரார் சொல்வார்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, தயிர், அளவாகப் பட்டை, கிராம்பு, ஏலக்காய். மசாலாவில் கறி வேகும். அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து, கஞ்சியை வடித்து, கறியோடு சேர்த்து, மூடிமேல் நெருப்புத் துண்டு போட்டு தம் கட்டுவார்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது நல்ல கைக்காரர்களின் கணக்கு. பக்கத்தில் புளி விட்ட கத்தரிக்காய், தயிர் வெங்காயம்.

கவனித்தீர்களா? கறிக்குச் சம எடை அரிசி, ஒரு காய், கொஞ்சம் தயிர். பெரியவர்கள் வைத்த வரிசை மோசமில்லை. நாம்தான் அதைக் கெடுத்தோம். கறியைக் குறைத்துச் சோற்றைக் குவித்தோம். கத்தரிக்காயை ஒரு ஸ்பூனாக்கினோம். தயிர் வெங்காயத்தில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருக்கிறது!

சோற்றின் கணக்கைப் பாருங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குவித்து வைத்த ஒரு தட்டில் 350 கிராம் சோறு இருந்தால் கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து, ஒரே மூச்சில். ‘சீரக சம்பாதானே... சுகர் ஏறாது’ என்று சிலர் தைரியம் சொல்வார்கள். வாசனை வேறு, ரத்தச் சர்க்கரை வேறு. பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி எந்தப் பெயரில் வந்தாலும் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசிதான்.

அப்படியானால் வழி? அரைத் தட்டு சோறு. அதே கறி. கத்தரிக்காய் இரண்டு மடங்கு. (வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு கரண்டி கேட்பதில் வெட்கம் என்ன?) சாப்பிடுகிற வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் காய், வெங்காயம், கறி, கடைசியில் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப் பண்டத்தைப் பிறகு சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத வைத்தியம். சாப்பிட்டு முடித்ததும் கூல்டிரிங்க்ஸ் மட்டும் வேண்டாம். ஒரு 300 மில்லி கோலா பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ‘செரிக்கும்’ என்று குடிக்கிறோம். உள்ளே போவது சர்க்கரைத் தண்ணீர். பதிலாக ஒரு கால் மணி நேரம் நடந்து பாருங்கள். நடக்கும்போது கால் தசைகள் சர்க்கரையை இழுத்து எரிக்கும்.

ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கலாமா?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘இன்னைக்குப் பிரியாணி, ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கினா சரியா பூடும்’ என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு மாத்திரை கடன் கொடுப்பவர்களும் உண்டு!

ஏன் கூடாது? கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. மாத்திரைக்கு நீங்கள் சாப்பிட்டது பிரியாணியா, ரசம் சாதமா என்று தெரியாது. பல மணி நேரம் அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். மதியம் கூடுதலாகப் போட்ட மாத்திரை, சாயங்காலமோ ராத்திரியோ சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு... இவைதான் அறிகுறி. மிஷினில் உட்கார்ந்து தோல் வெட்டுகிறவருக்கோ, ஷூவின் மேல்பாகம் தைக்கிறவருக்கோ அந்த நேரத்தில் கை நடுங்கினால் விரலே போய்விடும். அறிகுறி தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இன்னொரு விஷயம். பிரியாணியில் எண்ணெயும் கறிக்கொழுப்பும் இருக்கின்றன. கொழுப்பு, வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் சர்க்கரை உடனே எகிறாமல் மெல்ல ஏறும். ஆனால் மூன்று, நான்கு மணி நேரம் கழித்தும் இறங்காமல் நிற்கும். வீட்டு மிஷினில் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, ‘பாருங்க, பிரியாணி சாப்ட்டும் நார்மல்!’ என்று மார்தட்டுகிறவர்கள், நான்கு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்கட்டும். ராத்திரிப் பிரியாணியை நான் ஆதரிக்காததற்கும் இதுதான் காரணம். இரண்டாம் ஆட்டம் முடிந்து பன்னிரண்டரைக்கு ஒரு தட்டு முடித்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்தால், நடையும் கிடையாது, வேலையும் கிடையாது. நெஞ்செரிச்சல் வேறு. சினிமா நாளில் பகல் காட்சிக்குப் போங்கள். முதலில் மதியச் சாப்பாடாகப் பிரியாணி, பிறகு தியேட்டர் வரை நடை. இடைவேளையில் பாப்கார்ன் டப்பாவை வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது எவ்வளவு உள்ளே போனது என்று வயிறு கணக்கு வைப்பதில்லை.

ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள், நோன்பு ஆரம்பிப்பதற்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை, ஊசி நேரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்கும்போது இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் நோன்புக்கஞ்சி போதும். சமோசாவும் ரோஸ் சர்பத்தும் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.

பார்சல் விஷயம்

சுகர் இல்லாதவர்களும் படிக்க வேண்டிய பகுதி இது. வேலூரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தும். அந்த வெயிலில் மதியம் வாங்கிய பார்சலை அலமாரியில் வைத்துவிட்டு, ‘ராத்திரி புள்ளைங்க சாப்பிடும்’ என்கிறோம். அரிசியில் பாஸிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து, பெருகி, ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது! ‘நல்லா சூடு பண்ணித்தானே குடுத்தேன், ஏன் வாந்தி எடுக்கிறான்?’ என்று தாய்மார்கள் திகைப்பது இதனால்தான். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பிக்கும்.

சாதாரணமாக இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒரே ஒரு தடவை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கம்பெனிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை

ஷூ கம்பெனிகளில் தைக்கிற வேலையில் பெரும்பாலும் பெண்கள். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இவர்களுக்குப் பிரியாணியில் இருக்கிற கறி மருந்து மாதிரி. ஆடானாலும் மாடானாலும், சிவப்புக் கறியில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். தொழிலாளர் குடும்பங்களில் மலிவான மாட்டிறைச்சி பிரியாணிக்கு இருக்கும் இடம் பெரியது. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் அதற்கு இடமில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். சத்தைப் பொறுத்தவரை உடம்பு அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. கொழுப்பு குறைந்த துண்டா என்று மட்டும் பாருங்கள்.

மற்ற நாட்களில் டிபன் பாக்ஸில் கீரை, சாம்பார் சாதம்தானே? சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். காரணம் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிடுவார்கள் அல்லவா? பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவதால்தான் தோல் கெடாமல் நிற்கிறது. டீயின் துவர்ப்புக்கும் அதே இனத்துப் பொருட்கள்தான் காரணம். அவை கீரை, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்குப் போகவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். சாப்பாட்டோடு அரை எலுமிச்சம்பழமோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும்.

டேனரியில் வேலை செய்பவர்கள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். குரோமியம் உப்பு, சுண்ணாம்பு எல்லாம் நகக்கண்ணில் இருக்கும். இன்னொன்று, தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு பல வருஷமாகக் கழிவுநீரோடு பாலாற்றங்கரை மண்ணில் இறங்கியிருக்கிறது. இந்த மாசு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1996-ல் பெயர்பெற்ற தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரித்தால், ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அதில் சமைக்காதீர்கள். நாளைக்கு 5 கிராம் உப்புதான் அளவு. அதில் பாதியைத் தண்ணீரே கொடுத்துவிடக் கூடாது.

வேலூர் டவுனுக்கு வந்தால் நாக்குக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களை நம்பி காந்தி ரோடு பக்கத்தில் கடுகெண்ணெய் மணக்கும் மீன் சாப்பாட்டுக் கடைகள் முளைத்துவிட்டன. பிரியாணிக்கு ஒரு வாரம் லீவு விட நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள். மீனும் குழம்பும் சரி; சோற்றை மட்டும் ‘போதும்’ என்று கையால் மறைத்துவிடுங்கள்.

ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கப் போகிறீர்களா? மைதாவும் கோவாவும் பிசைந்து, நடுவில் பருப்பு வகைகள் வைத்து, பொரித்து, பாகில் ஊறவைத்தது. பிரியாணி சாப்பிட்ட அதே வேளையில் வேண்டாம். வேறொரு நாள், நாலு பேருக்கு ஒன்று. உள்ளேயிருக்கும் முந்திரி யாருக்கு என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்!